'கொச்சை' என்னும் தீர்ப்பு: கிளைமொழியும் குழந்தையின் கல்வியும்

மலையகப் பாடசாலையொன்றின் முதலாந் தரத்தில் ஒருநாட் காலை நான் கண்டது இது. ஆசிரியை ஒரு படத்தை உயர்த்திப் பிடித்து, "இதில் என்ன நடந்துள்ளது?" என வினவினார். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி துள்ளி எழுந்து, "மழ பேஞ்சுச்சு டீச்சர், பாப்பா நனஞ்சிருச்சு" என்றாள். படத்தில் இருந்ததும் அதுவே. "அப்படிச் சொல்லக்கூடாது. மழை பெய்தது, பிள்ளை நனைந்தது என்று சொல்" எனத் திருத்தினார் ஆசிரியை. சிறுமி அதனை அவ்வாறே திருப்பிச் சொல்லி அமர்ந்தாள். அப்பாடவேளை முடியும்வரை அவள் பின்னர் வாய்திறக்கவில்லை.

ஆசிரியை கடுமையானவர் அல்லர். அவர் குரலில் அன்பே இருந்தது. திருத்துவது தம் கடமை என அவர் கருதினார். அவ்வாறு கருதும்படியே அவர் பயிற்றப்பட்டிருந்தார். ஆதலின் இங்கு விசாரிக்கப்பட வேண்டியவர் அவரல்லர். ஒரு குழந்தையின் வீட்டுமொழியைப் பிழையின் தொகுதியாக நோக்கும் கருத்தே விசாரணைக்குரியது. அக்கருத்தை வளர்த்ததிற் பல்கலைக்கழகத்திலே தமிழ் பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் பங்குண்டு. அக்கருத்து எத்துணை உறுதியான அடித்தளத்தில் நிற்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மரபு எதனைச் சொல்கின்றது?

கிளைமொழியைக் 'கொச்சை' என ஒதுக்குவோர் பெரும்பாலும் மரபின் பெயராலேயே அதனைச் செய்கின்றனர். ஆனால் நம் இலக்கண மரபு அவர்கள் எண்ணுமளவு குறுகியதன்று. தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லையும் ஒருங்குவைத்து, நான்கையும் செய்யுளுக்கு உரியனவாகவே கொண்டார். வட்டாரச் சொல் இழிந்தது என அவர் அதனைப் புறந்தள்ளவில்லை. நன்னூலார் மரூஉவை இயல்பு வழக்கின் மூவகையுள் ஒன்றாக வைத்தார். மக்கள் நாவிலே சிதைந்து வழங்குவதும் வழக்கே என்ற தெளிவு அவர்க்கு இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஒன்றும் கொடுந்தமிழுக்கு ஒன்றுமாகத் தனித்தனி இலக்கணம் செய்தார். பேச்சுக்கும் விதியுண்டு என்பதை ஏற்றாலன்றி அதற்கு இலக்கணம் செய்தல் இயலாது.

அவ்வாறாயின் இகழ்ச்சி எங்கிருந்து வந்தது? ஈழத்து இலக்கிய வரலாறே இதற்கு விடை தருகின்றது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட 'நானாடகம்' யாழ்ப்பாணப் பேச்சுமொழியிலே பாத்திரங்களைப் பேசவைத்தது. பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் ஒருவரே அதனைச் செய்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆயினும் 1960களின் முற்பகுதியில் எழுத்தாளர்கள் உழைக்கும் மக்களின் பேச்சைச் சிறுகதையிலும் நாவலிலும் கையாண்டபோது, அது 'இழிசனர் வழக்கு' எனப் பழிக்கப்பட்டது. மரபு பற்றிய அன்றைய விவாதத்தில் இச்சொல்லே உண்மையைக் காட்டிக்கொடுத்தது. பழிக்கப்பட்டது வழக்கு மட்டுமன்று. அதனை வழங்கிய மனிதருமே. யாழ்ப்பாணச் சமூகத்திற் சாதிக்கும் மொழிவழக்குக்கும் உள்ள தொடர்பினைப் பேராசிரியர் சு. சுசீந்திரராசா ஆராய்ந்து காட்டியுள்ளார். ஒருவரது பேச்சை இழிந்தது என்பது பல வேளைகளில் அவரது பிறப்பை இழிந்தது என்பதன் மறைமுக வடிவமேயாகும்.

அவ்விவாதத்தில் இலக்கியம் வென்றது. யாழ்ப்பாணத்துக் கே. டானியலும் மூதூர் வ. அ. இராசரத்தினமும் மலையகத்துத் தெளிவத்தை ஜோசப்பும் தத்தம் மண்ணின் பேச்சை எழுத்திற் கொணர்ந்தனர். இன்று அவர்களைப் பல்கலைக்கழகத்திற் பாடமாகப் படிக்கின்றோம். ஆனால் நாவலிலே நாம் சுவைக்கும் அதே பேச்சைக் குழந்தையின் வாயிற் கேட்கும்போது திருத்துகின்றோம். இலக்கியத்தில் உரிமை பெற்ற கிளைமொழி வகுப்பறையில் இன்னும் அவ்வுரிமையைப் பெறவில்லை. இம்முரண்பாடு சிந்தனைக்குரியது.

2. எது செந்தமிழுக்கு அண்மையானது?

ஈழத்துப் பேச்சுத்தமிழ் எனப் பொதுவாகச் சொல்லும்போது யாழ்ப்பாணத் தமிழையே நம்முட் பலர் கருதுகின்றனர். அதுவே செந்தமிழுக்கு மிக அண்மையானது என்ற பெருமிதமும் நிலவுகின்றது. மறுபுறம், செக் நாட்டறிஞர் கமில் சுவெலபில் மட்டக்களப்புத் தமிழே எழுத்து வழக்குக்கு மிக நெருங்கிய பேச்சுத்தமிழ் எனக் கருதினார். இவ்விரு கூற்றுகளையும் போட்டியாக்குவதிற் பயனில்லை. ஒவ்வொரு கிளைமொழியும் சிலவற்றைக் காத்துச் சிலவற்றை மாற்றியுள்ளது என்பதே உண்மை.

அகரம், இகரம், உகரம் மூன்றும் சுட்டெழுத்துகள் எனப் பள்ளி இலக்கணம் கற்பிக்கின்றது. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச்சுட்டு வழக்கிழந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக் குழந்தையோ 'உவன்', 'உது', 'உங்கை' என்று நாள்தோறும் பேசுகின்றது. இலக்கண நூலின் விதியொன்று அக்குழந்தையின் நாவில் உயிரோடுள்ளது. ஆனால் உகரச்சுட்டுக்கு எடுத்துக்காட்டுத் தரும் ஆசிரியர் பழைய நூலைத் தேடிச் செல்கின்றார். எதிரே அமர்ந்திருக்கும் குழந்தையைக் கேட்பதில்லை.

அதே யாழ்ப்பாணத் தமிழில் 'அவை' என்பது மக்களைக் குறித்து வழங்குகின்றது. 'அவை வந்தவை' என்றால் மனிதர் வந்தனர் என்பதே பொருள். எழுத்து வழக்கிலோ 'அவை' அஃறிணைப் பன்மை. இங்கு யாழ்ப்பாணத் தமிழ் செந்தமிழினின்று வெகுதூரம் விலகியுள்ளது. ஆகவே எந்த வட்டாரத்தாரும் தம் பேச்சே தூயதெனப் பிறரைப் பார்த்து நகைப்பதற்கு மொழியியலில் ஆதாரமில்லை.

3. பிழையா, விதியா?

குழந்தைகளின் எழுத்துப் பயிற்சிகளிற் காணப்படும் வழுக்களை வெறுங் கவனக்குறைவு எனக் கொள்வது எளிது. உற்று நோக்கின் அவை ஒழுங்குடையவை என்பது புலப்படும். யாழ்ப்பாணத்தில் 'நேற்றுக் கோயிலுக்குப் போனனான்' என்பது இயல்பான பேச்சு. எழுதும்போது குழந்தை 'போ' என்பது பேச்சுச்சொல், 'செல்' என்பது எழுத்துச்சொல் என்று அறிந்து, 'சென்றனான்' என எழுதக்கூடும். இது அறியாமையின் விளைவன்று. வினையடியை எழுத்து வழக்குக்கு மாற்றிய குழந்தை விகுதியை மாற்ற இன்னும் கற்கவில்லை. பாதி வழி வந்துவிட்டது. சிவப்பு மையால் முழுச்சொல்லையும் அடித்துவிடும் ஆசிரியர் அது கடந்துவந்த பாதியையும் சேர்த்தே அடித்துவிடுகின்றார்.

'ஒன்று' என்ற சொல்லை யாழ்ப்பாணத்துக் குழந்தை 'ஒண்டு' என்கின்றது; மலையகத்துக் குழந்தை 'ஒண்ணு' என்கின்றது. 'மூன்று' என்பது முறையே 'மூண்டு', 'மூணு' ஆகின்றது. இரண்டும் ஒழுங்கான ஒலிமாற்றங்கள். ஒன்று மற்றொன்றினும் கூடிய சிதைவன்று. ஆயின் 'ஒண்டு' என எழுதிய பிள்ளையின் வழுவை யாழ்ப்பாணத்து ஆசிரியர் உடனே இனங்கண்டு, தாமும் சிறுவயதில் அப்படி எழுதியதை நினைந்து முறுவலிப்பார். 'ஒண்ணு' என எழுதிய பிள்ளை அவருக்கு 'எழுத்தறியாத பிள்ளை' ஆகிவிடுகின்றது. மலையகப் பாடசாலைகளில் நெடுங்காலமாக வடபகுதி ஆசிரியர் பலர் பணியாற்றி வந்துள்ளனர். அவர்களது தொண்டு மறுக்கவியலாதது. எனினும் ஆசிரியரின் கிளைமொழியே நியமத் தமிழ் எனவும் பிள்ளையின் கிளைமொழி கொச்சை எனவும் இரு தரப்பும் நம்பிய நிலை அங்கே உருவாயிற்று. 'ரீச்சர்' என்பது ஆசிரியரின் உச்சரிப்பு, 'டீச்சர்' என்பது பிள்ளையின் உச்சரிப்பு; இரண்டுமே ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவங்கள். இவற்றுள் ஒன்று செம்மை, மற்றது கொச்சை என எவ்விலக்கணத்தால் நிறுவுவது?

ஒலியினும் பொருளிலே சிக்கல் மிகுதி. 'ஆசிரியர் என்னோடு பேசினார்' என்பது பாடநூலில் மகிழ்ச்சியான வாக்கியம். யாழ்ப்பாணத்திற் 'பேசுதல்' பெரிதும் ஏசுதலையே குறிக்கும். உரையாடுதற்குக் 'கதைத்தல்' என்பதே சொல். மலையகத்துக் குழந்தைக்கோ 'கதை' என்பது பாட்டி சொல்வது. மட்டக்களப்பிலே திரும்புதல் 'கிறுகுதல்' எனப்படும். பிற பகுதிப் பிள்ளைக்கு அச்சொல் புதிது.

உறவுப்பெயர்களில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையடைகின்றது. 'தாத்தா' என்ற ஒரு சொல்லை நோக்குவோம். மலையகக் குழந்தைக்கு அது பாட்டனைக் குறிக்கும். தென்பகுதி முஸ்லிம் குழந்தைக்கு அது மூத்த சகோதரி. அயல்வீட்டுச் சிங்களக் குழந்தைக்கு அது தந்தை. 'பேரன்' என்பது யாழ்ப்பாணத்தின் பழைய வழக்கிற் பாட்டனைக் குறிக்க, ஏனைய இடங்களில் மகவின் மகனைக் குறிக்கின்றது. கிழக்கின் முஸ்லிம் குழந்தைக்கு மூத்த சகோதரன் 'காக்கா'. கொழும்பிலும் தெற்கிலும் 'நானா'. 'அண்ணன்', 'அக்கா', 'அப்பா', 'அம்மா' என்பனவற்றை மட்டுமே கொண்ட முதற் பாடநூலைத் திறக்கும் முஸ்லிம் குழந்தை, வாப்பாவும் உம்மாவும் இல்லாத ஒரு வீட்டையே அங்குக் காண்கின்றது. குழந்தை முதன்முதல் வாசிக்கும் பக்கத்திலேயே 'இது உன் வீடன்று' எனப் புத்தகம் சொல்லுமாயின், அதன்பின் வாசிப்பிலே விருப்பம் எவ்வாறு தோன்றும்?

4. தாய்மொழிக் கல்வி முற்றுப்பெற்றதா?

இலங்கையில் 1945இல் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது தொடக்க வகுப்புகளில் தாய்மொழியே பயிற்றுமொழியாயிற்று. குழந்தை தான் அறிந்த மொழியிலேதான் சிந்திக்கும் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். 1953இல் யுனெஸ்கோ நிறுவனமும் வீட்டுமொழியிற் கல்வி தொடங்குதலை வலியுறுத்தியது. அந்நியாயத்தை நாம் ஆங்கிலத்துக்கு எதிராகப் பயன்படுத்தினோம். அதே நியாயத்தை நம்மை நோக்கித் திருப்பத் தயங்குகின்றோம்.

அமெரிக்க மொழியியலாளர் சாள்ஸ் பேர்குசன் 1959இல் இரட்டை வழக்கு என்னும் நிலையை வரையறுத்தார். உயர்வழக்கும் தாழ்வழக்குமாக ஒரே மொழி இரு வடிவில் வழங்கும் சமூகங்களில், உயர்வழக்கு எவர்க்கும் வீட்டில் இயல்பாகக் கைவருவதில்லை. பள்ளியிலேயே கற்கப்படுகின்றது என்றார் அவர். தமிழுக்கு இது முற்றும் பொருந்தும். பாடநூற்றமிழைத் தாயின் மடியிற் கற்ற தமிழ்க் குழந்தை எங்குமில்லை. கண்டிப்பாகச் சொல்வதாயின் நியமத் தமிழ் எவர்க்கும் தாய்மொழியன்று; அது தமிழர் அனைவரும் முயன்று அடையும் பொதுச்சொத்து. இதனை உணர்ந்தால் ஆணவத்துக்கு இடமில்லை. எல்லாக் குழந்தைகளும் ஒரு பயணம் செய்தாக வேண்டும். சிலர் புறப்படும் இடம் சற்று அண்மையிலும் சிலர் புறப்படும் இடம் சற்றுத் தொலைவிலும் உள்ளது. வீட்டிலே நூலும் பத்திரிகையும் வாசிப்போர் உள்ள குழந்தை பாதி வழியை வண்டியிற் கடக்கின்றது. லயத்திலிருந்து வரும் குழந்தை முழு வழியையும் நடக்கின்றது. இருவரையும் ஒரே வினாத்தாளால் அளந்து, பின்தங்கியவரை மந்தபுத்தியினர் என்கின்றோம்.

5. பிறநாட்டு அனுபவம்

இங்கிலாந்தில் பசில் பேண்ஸ்ரைன் 1960களில், உழைக்கும் வகுப்புக் குழந்தைகளும் நடுத்தர வகுப்புக் குழந்தைகளும் மொழியைக் கையாளும் முறைகளில் வேறுபாடு உண்டென எடுத்துரைத்தார். அவரது கருத்து, ஏழைக் குழந்தையிடம் மொழியே குறைவு எனப் பலராற் பொருள்கொள்ளப்பட்டது. அவ்விளக்கத்தை அவரே பின்னர் மறுத்தார். அக்குறைபாட்டுக் கொள்கையை மிகக் கூர்மையாகத் தாக்கியவர் அமெரிக்கரான வில்லியம் லபோவ். 1969இல் வெளிவந்த கட்டுரையொன்றில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். நியூயோர்க் கறுப்பினச் சிறுவன் ஒருவன் நேர்காணலில் ஓரிரு சொற்களுக்கு மேற் பேசவில்லை. அடுத்த முறை, அதே நேர்காண்பவர் சிறுவனின் நண்பனையும் உடனழைத்து, உருளைக்கிழங்குப் பொரியலைப் பகிர்ந்துகொண்டு, தரையில் அமர்ந்தார். முன்னர் ஊமைபோலிருந்த சிறுவன் போட்டியிட்டுப் பேசத் தொடங்கினான். மாறியது சிறுவனின் மொழித்திறன் அன்று, சூழலே.

அந்நாட்டின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆபர் நகரில் இது நீதிமன்றம் வரை சென்றது. 1979இல் நீதிபதி சாள்ஸ் ஜொய்னர் அளித்த தீர்ப்பு, ஆசிரியர்கள் கறுப்பினக் குழந்தைகளின் வீட்டுமொழியை இனங்கண்டு, அவ்வறிவைக் கொண்டு வாசிப்பைக் கற்பிக்க உதவும் திட்டத்தினை வகுக்குமாறு கல்விச் சபையைப் பணித்தது. தடையாயிருந்தது குழந்தையின் மொழியன்று. அம்மொழியைப் பற்றிய ஆசிரியரின் அறியாமையும் மனப்பாங்குமே என்பது அத்தீர்ப்பின் சாரம். இனவொடுக்குமுறையின் வரலாறுடைய அச்சூழலை நம் சூழலோடு அப்படியே ஒப்பிடல் பொருந்தாது. ஆனால் மலையகச் சிறுமியின் மௌனமும் அச்சிறுவனின் மௌனமும் ஒரே வகையின என்பதை மறுத்தல் இயலாது.

6. எதிர்வாதங்கள்

கிளைமொழிக்கு வகுப்பறையில் இடமளித்தால் நியமத் தமிழ் குலைந்துவிடும் என்பது முதல் எதிர்வாதம். இவ்வச்சம் முற்றும் வீணானதன்று. யாழ்ப்பாணத்தானும் மட்டக்களப்பானும் மலையகத்தானும் கொழும்பு முஸ்லிமும் ஒரே நூலை வாசித்து ஒருவரையொருவர் அறிய உதவுவது நியமத் தமிழே. வட்டாரந்தோறும் ஒரு பாடநூல், கிளைமொழிதோறும் ஓர் எழுத்துமுறை என்பாருடன் எமக்கு உடன்பாடில்லை. அது குழந்தையை அதன் ஊருக்குள்ளேயே சிறைவைப்பதாகும். உயர்கல்வியும் தொழிலும் அதற்கு எட்டாதொழியும். கிளைமொழியைப் போற்றுவதாகச் சொல்லி நியமத் தமிழை மறுப்பதும் ஓர் அநீதியே. ஆயின் கேள்வி நியமத் தமிழைக் கற்பிப்பதா இல்லையா என்பதன்று. எவ்வழியாற் கற்பிப்பது என்பதே. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் கற்பித்தலின் பாலபாடம். கணிதத்திலே இதனை ஏற்கும் நாம் மொழியில் மட்டும் ஏன் கைவிடுகின்றோம்?

ஒரே வகுப்பிற் பல கிளைமொழியினர் இருந்தால் ஆசிரியர் என் செய்வார் என்பது இரண்டாவது எதிர்வாதம். 1977ஆம் ஆண்டு வன்செயல்களின் பின் மலையக மக்கள் பலர் வன்னியிற் குடியேறினர். 1990இல் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டுப் பெருந்தொகையினராகப் புத்தளத்தில் வாழநேர்ந்தது. இவ்வாறு கிளைமொழிகள் கலந்த வகுப்பறை நம் நாட்டில் விதிவிலக்கன்று. ஆசிரியர் அத்தனை கிளைமொழிகளையும் பேசவேண்டியதில்லை. அவற்றை இனங்கண்டு, இது வழுவன்று, வேறொரு வழக்கு என அறிந்தாற் போதும்.

'நாமும் திருத்தப்பட்டே கற்றோம். கெட்டுவிடவில்லையே' என்பது மூன்றாவது வாதம். இவ்வாறு சொல்வோர் கற்றுத் தேறியவர்கள். திருத்தப்பட்டு மௌனமாகி இடையில் நின்றவர்கள் இச்சஞ்சிகையை வாசிப்பதில்லை. அவர்களது சாட்சியம் நமக்குக் கிடைப்பதுமில்லை.

7. செய்யக்கூடியன

முதலிரு தரங்களிற் குழந்தையின் வாய்மொழி விடையைப் பொருள்நோக்கியே மதிப்பிட வேண்டும். மழை பெய்ததும் பிள்ளை நனைந்ததும் சரியாகச் சொல்லப்பட்டால் விடை சரியே. அதன்பின் ஆசிரியர், 'ஆம், மழை பெய்தது. இதனை எழுதும்போது இப்படி எழுதுவோம்' எனத் தொடரலாம். 'அப்படிச் சொல்லாதே' என்பதற்கும் 'இப்படியும் சொல்லலாம்' என்பதற்கும் இடையே உள்ள தொலைவே ஒரு குழந்தை பேசுவதற்கும் பேசாதொழிவதற்கும் இடையிலான தொலைவு.

மேல்வகுப்புகளில் வீட்டு வழக்கையும் எழுத்து வழக்கையும் அருகருகே எழுதி ஒப்பிடச்செய்தல் சிறந்த இலக்கணப் பயிற்சியாகும். 'போனனான் - போனேன்', 'வந்துச்சு - வந்தது', 'அவை - அவர்கள்' என ஒப்பிடும் மாணவன் விகுதி என்றால் யாதென மனனஞ் செய்யாமலே அறிவான். பாடநூலாக்குவோர் உறவுப்பெயர்ப் பாடத்தில் நான்கு வழக்குகளையும் ஒரே பக்கத்திற் தரலாம். தாத்தா யார் என்ற வினாவுக்கு ஒரே வகுப்பில் மூன்று விடைகள் எழுமாயின், அதனினும் சுவையான மொழிப்பாடம் வேறு யாதுளது?

ஆசிரியர் பயிற்சியில் ஈழத்துக் கிளைமொழிகள் பற்றிய அறிவு கட்டாயமாக்கப்பட வேண்டும். அவ்வறிவைத் திரட்டித் தரும் பொறுப்பு பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. யாழ்ப்பாணத் தமிழ் ஓரளவு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. முஸ்லிம் தமிழ் பற்றி எம். ஏ. நுஃமான் முதலியோர் எழுதியுள்ளனர். தோட்டத்தின் கொழுந்தையும் கவ்வாத்தையும் பிரட்டையும் அரைப்பேரையும் தன் சொற்களாகக் கொண்ட மலையகக் குழந்தையின் பேச்சும் அதேயளவு கவனத்துக்குரியது. இக்கழகத்து மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையிலே தம் ஊருக்குச் செல்பவரே. தம் ஊர்க் குழந்தைகள் பேசுவதைப் பத்துப் பக்கம் பதிந்து வருவராயின், அதுவே ஒரு நல்ல தொடக்கமாகும்.

இதனை வாசிக்கும் மாணவருட் பலர் நாளை ஆசிரியராவர். அவர்கள் முன் ஒரு குழந்தை எழுந்து தன் வீட்டு மொழியில் ஏதோ சொல்லும். அதன் இலக்கணத்தைத் திருத்தப் பத்தாண்டுக் காலம் இருக்கின்றது. முதலில் அது சொன்னதைக் கேட்போமாக.